தேதியிட்ட வானங்கள்

பேஸ்டல் குச்சியில் இருப்பது நிறமியும் அதைத் தாங்கும் தூளும்தான். பசை மிகக் குறைவு. நன்றாக அரைத்த நிறமிப் பொடியோடு சுண்ணத்தூளோ வெண்களிமண்ணோ சேர்த்து, உதிராமல் நிற்கும் அளவுக்கு மட்டும் பிசின் நீர் விட்டுப் பிசைந்து, விரல் பருமனுக்கு உருட்டி உலர்த்துவார்கள். தைல வண்ணம் காய நாள்கணக்கில் ஆகும். நீர்வண்ணம் ஈரம் வற்றியதும் வெளிறிவிடும். பேஸ்டலில் காய்வதற்கு ஒன்றுமே இல்லை. தாளில் பட்ட கணத்தில் எந்த நிறமோ அதுவே கடைசிவரை நிறம். தூரிகை, தண்ணீர், கலவைத் தட்டு எதுவும் வேண்டாம்.

வெளியிடத்தில் உட்கார்ந்து நிலக்காட்சி வரைபவருக்கு இந்தக் குணம் பெரிய வரம். வெயில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மேகம் ஒன்று குறுக்கே வந்தால் வயலின் நிறம் முழுவதும் மாறுகிறது. கண் கண்டதைக் கை உடனே இட்டுவிட வேண்டும் என்ற நிலையில், நடுவில் காத்திருப்பு இல்லாத பொருள் பேஸ்டல். அதனால்தான் ஸ்கெட்ச் புக்கில் பேஸ்டலால் வரைந்த நிலக்காட்சியை ஒரு வேளையின் பதிவாகக் கொள்ள வேண்டியிருக்கிறது. இன்ன இடம் என்பதோடு இன்ன நாள், இன்ன மணி, இன்ன காற்று என்பதும் அதற்குள் அடங்கும். அந்தச் சிறு தாளின் மதிப்பும் எல்லையும் இதிலிருந்தே பிறக்கின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பேஸ்டல் பெரும்பாலும் உருவப்பட ஓவியர்களின் பொருளாக இருந்தது. வெனிஸின் ரொசால்பா காரியேராவும் பிரான்சின் மொரீஸ் கந்தென் த லா தூரும் பட்டுத் துணியின் மினுக்கையும் கன்னத்தின் மென்மையையும் அதில் கொண்டுவந்து பெயர் பெற்றார்கள். ஜெனீவாவில் ழான்-எத்தியேன் லியோதார் 1765-க்கும் 1770-க்கும் இடையில் தன் வீட்டிலிருந்து தெரிந்த ஆல்ப்ஸ் மலைகளை பேஸ்டலில் தீட்டினார். அன்றைக்கு அது அபூர்வமான முயற்சி. அந்தப் பொருள் வீட்டை விட்டு உண்மையாகவே வெளியே வந்தது அடுத்த நூற்றாண்டில்தான்.

அதை வெளியே கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் யூஜேன் பூதேன். சீன் நதி கடலில் கலக்கும் இடத்தில், தென்கரையிலுள்ள ஓன்ஃப்ளர் ஊரில் 1824-இல் பிறந்த மாலுமி மகன். எதிர்க்கரையில் லெ ஹாவ்ர் துறைமுகம். ஆற்று நீரும் கடல் நீரும் சேரும் அந்த முகத்துவாரத்தில் காற்று திசை மாறும், நீர் ஏறி இறங்கும், மேகங்கள் நொடிக்கு நொடி உருமாறும். தாளின் பெரும்பகுதியை வானத்துக்கு விட்டு, அடியில் ஒரு கீற்றாகக் கடலையோ கரையையோ வைத்து, பூதேன் நூற்றுக்கணக்கான பேஸ்டல் குறிப்புகளை அங்கே எழுதினார். பல தாள்களின் ஓரத்தில் தேதியும் மணியும் காற்றின் திசையும் குறித்திருந்தார்.

1859-இல் கவிஞர் போதலேர் அவருடைய பட்டறைக்குப் போய் அவற்றைப் பார்த்தார். அந்த ஆண்டின் சலோன் கண்காட்சி பற்றிய கட்டுரையில் அதை விவரமாகவே எழுதினார். ஓரத்திலுள்ள எழுத்தைக் கையால் மறைத்தாலும் பருவத்தையும் வேளையையும் காற்றையும் ஊகித்துவிடலாம் என்பது அவர் வியப்பு. கூடவே இன்னொன்றையும் அவர் கவனித்திருந்தார். பூதேன் இந்தத் தாள்களை முடிந்த ஓவியங்கள் என்று எவரிடமும் நீட்டவில்லை. அவை குறிப்புகள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு பொருளால் எது முடியும், எது முடியாது என்பதை அறிந்து அதனளவில் முழு மனதோடு வேலை செய்த கலைஞரை அந்த வரிகள் அடையாளம் காட்டுகின்றன. ஓவியர் கொரோ அவரை வானங்களின் அரசர் என்று அழைத்ததும் இந்த உழைப்பைக் கண்டுதான்.

லெ ஹாவ்ரில் கேலிச்சித்திரம் வரைந்துகொண்டிருந்த பதின்வயது மோனேயை 1858 வாக்கில் வெளியிடத்துக்கு அழைத்துப் போனவரும் பூதேன். 1874-இல் பாரிஸில், பின்னாளில் இம்ப்ரெஷனிஸ்டுகள் என்று பெயர் பெற்றவர்கள் நடத்திய முதல் கண்காட்சியில் இருவரும் பங்கேற்றார்கள். அங்கே மோனே வைத்தவை ஐந்து தைல ஓவியங்களும் ஏழு பேஸ்டல் குறிப்புகளும். 1901-இல் லண்டனுக்குப் போன மோனேயின் ஓவியச் சாமான்கள் வந்துசேரத் தாமதமாயிற்று. சும்மா இருக்க மனமின்றி, ஹோட்டல் அறையிலிருந்து தெரிந்த தேம்ஸ் நதியையும் வாட்டர்லூ பாலத்தையும் பனிமூட்டத்தையும் அவர் பேஸ்டலில் பிடித்தார். கித்தான் வருவதற்குள் பனி கலைந்துவிடும் என்ற அவசரத்துக்கு பேஸ்டல் கைகொடுத்தது.

பேஸ்டலின் சிக்கனத்துக்குச் சிறந்த சான்று ஜேம்ஸ் விஸ்லர். 1879-இல் கடனில் மூழ்கித் திவாலான அவர், செப்புத் தகட்டில் பன்னிரண்டு வெனிஸ் காட்சிகளைச் செதுக்கித் தரும் ஒப்பந்தத்தில் அந்த நகருக்குப் போனார். ஓராண்டுக்கு மேல் தங்கி, தகடுகளோடு ஏறத்தாழ நூறு பேஸ்டல் படங்களும் வரைந்து திரும்பினார். அவற்றில் 53 படங்கள் 1881 ஜனவரியில் லண்டனில் காட்சிக்கு வந்தன. பழுப்புத் தாளில் முதலில் கருப்புச் சுண்ணக்கோலால் மெல்லிய கோடுகள். கால்வாய்ச் சுவரோ வாசற்படியோ அவ்வளவில் நின்றுவிடும். பிறகு ஒரு கதவுக்குப் பச்சை, ஓட்டுக் கூரைக்கு ஒரு சிவப்பு, அந்தி வானத்துக்கு நாலைந்து இழுப்பு. மிச்சமெல்லாம் தாளின் பழுப்பு. அந்தப் பழுப்பே செங்கல்லாகவும் நிழலாகவும் தேங்கிய நீராகவும் நிற்கிறது. எதை விடலாம் என்று தெரிந்தவருக்குத் தாளும் ஒரு நிறம்.

தாளின் நிறம் இந்தக் கலையில் பாதி வேலை செய்கிறது. வெள்ளைத் தாளில் பேஸ்டல் தீட்டினால் குச்சி படாத புள்ளிகளெல்லாம் வெள்ளையாகக் கண்ணைக் குத்தும்; அவற்றை மூடுவதிலேயே நேரம் போய்விடும். சாம்பல், பழுப்பு, மங்கிய நீலம் போன்ற நடுத்தர நிறத் தாளில் இருட்டையும் வெளிச்சத்தையும் மட்டும் இட்டால் போதும், நடு நிறம் தானாக அமைந்துவிடும். தாளுக்குச் சொரசொரப்பும் வேண்டும். வழவழப்பான தாளில் பொடி பிடிக்க இடமில்லை. இரண்டாவது பூச்சிலேயே வழுக்கும். கான்சன் நிறுவனத்தின் மி-தேந்த் தாளில் ஒரு பக்கம் தேன்கூட்டுக் கண் போன்ற அச்சு இருக்கும், மறுபக்கம் அதைவிட மென்மை. நிலக்காட்சிக்காரர் பலர் மென்மையான பக்கத்தையே விரும்புகிறார்கள். உப்புத்தாள் போன்ற மணல் பூச்சுத் தாள்களில் பூச்சுமேல் பூச்சாக ஏற்றிக்கொண்டே போகலாம்.

புத்தகமாக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. எதிரெதிர்ப் பக்கங்கள் உரசி ஒன்றின் நிறம் மற்றதில் ஒட்டும். அதனால் ஒரு பக்கத்தில் மட்டும் வரைந்து, நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, பக்கங்கள் அசையாதபடி ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டுவது வழக்கம். உரசலுக்குக் காரணம் பக்கங்களின் அசைவுதான், அழுத்தம் அல்ல. தனித்தாளுக்கு இல்லாத ஒரு நன்மையும் புத்தகத்துக்கு உண்டு. ஒரே குளக்கரையின் காலையும் மாலையும் கோடையும் மழையும் அடுத்தடுத்த பக்கங்களில் நிற்கும்போது, ஒவ்வொன்றையும் மற்றதோடு வைத்துப் படிக்க முடிகிறது. பூதேனின் ஓரக் குறிப்புகளுக்கு உரிய இடம் அது.

பெட்டியில் என்ன வைப்பது என்பது அடுத்த கேள்வி. மென் பேஸ்டல் பொடி நிறையத் தரும். பரந்த வானத்துக்கும் கடைசி வெளிச்சத்துக்கும் அது. வன் பேஸ்டலில் பசை கூடுதல்; முனை நிற்கும்; தொடக்கக் கோடுகளுக்கும் கிளைகளுக்கும் உதவும். பேஸ்டல் பென்சில் நுண்ணிய இடங்களுக்கு. தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் கையில் முதலில் வந்துசேரும் ஆயில் பேஸ்டல் வேறு சாதி. மெழுகும் எண்ணெயும் கலந்த அது 1920-களில் ஜப்பானில் சகுரா நிறுவனம் மாணவர்களுக்காக உருவாக்கிய பொருள். பொடி உதிராது என்பதால் ஸ்கெட்ச் புக்குக்கு ஏற்றதுதான். ஆனால் கோடை வெயிலில் இளகும். மென் பேஸ்டலின் தூசு போன்ற மென்மையும் அதற்கு வராது.

கடையில் நூற்றுக்கணக்கான நிறங்கள் கிடைக்கின்றன. வெளியே எடுத்துப்போக இருபது, இருபத்துநான்கு துண்டுகள் போதும்; குச்சிகளைப் பாதியாக ஒடித்துக்கொண்டால் பக்கவாட்டில் படுக்கவைத்துத் தேய்க்கவும் வசதி. ஒவ்வொரு நிறக் குடும்பத்திலும் ஓர் இருட்டு, ஒரு நடுத்தரம், ஒரு வெளிச்சம் இருக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது. பிரகாசமான நிறங்களைச் சேர்த்துவிட்டு, மங்கிய பச்சையும் சாம்பல் ஊதாவும் இல்லாமல் போய் உட்காருபவர்கள் தவித்துப்போகிறார்கள். இயற்கையில் பெரும்பகுதி மங்கிய நிறங்கள்தான். குச்சிகள் ஒன்றோடொன்று உரசி எல்லாமே ஒரே அழுக்கு நிறமாகிவிடும்போது, கொஞ்சம் அரிசியில் போட்டுக் குலுக்கினால் ஒவ்வொன்றும் தன் நிறத்துக்குத் திரும்பும். பெட்டியின் அடியிலேயே அரிசியைப் பரப்பி எடுத்துப்போகிறவர்களும் உண்டு.

இடத்தில் போய் உட்கார்ந்ததும் முதலில் தாளுக்கு நிழல் தேட வேண்டும். தாளின் மேல் நேர் வெயில் விழுந்தால் கண் கூசி, கை இட வேண்டியதைவிட இருட்டாக இட்டுவிடும். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் மங்கிக் கிடக்கும். அடுத்தது, தீப்பெட்டி அளவுக்கு ஒரு சிறு முன்வரைவு. கண்ணை இடுக்கிப் பார்த்தால் இலையும் ஓடும் மறைந்து, இருட்டும் வெளிச்சமுமாக நாலைந்து பெரிய வடிவங்கள் மட்டும் மிஞ்சும். அவற்றின் டோன், அதாவது எது எவ்வளவு இருட்டு என்பது சரியாக அமைந்துவிட்டால் படத்தின் கட்டுமானம் முடிந்தது. நிறத்தில் தவறினாலும் அந்தக் கட்டுமானம் படத்தைத் தாங்கும். டோன் தவறினால் எந்த நிறமும் காப்பாற்றாது.

இந்த வடிவங்களை அடுக்குவதற்கு அமெரிக்க நிலக்காட்சி ஓவியர் ஜான் கார்ல்சன் 1920-களில் எளிய விதி ஒன்று வகுத்துத் தந்தார். ஒளியின் ஊற்று வானம். ஆகவே அதுவே மிக வெளிச்சம். வானத்தை நோக்கி மல்லாந்து கிடக்கும் தரை அதற்கு அடுத்தது. சாய்ந்து நிற்கும் மலைச்சரிவும் கூரையும் அதைவிட இருட்டு. நேர்குத்தாக நிற்கும் மரங்கள் எல்லாவற்றிலும் இருட்டு. வெண்மணல் திட்டு, புயல் வானம், சுண்ணாம்புச் சுவர் போன்ற விலக்குகள் உண்டு. விதி தெரிந்திருந்தால் விலக்கு எங்கே நிற்கிறது என்பது கண்ணில் படும்.

பொதுவாக இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வருவது பேஸ்டலின் போக்கு. குச்சியைப் படுக்கவைத்து இருண்ட பகுதிகளை மெல்லப் பூசி, அதன் மேல் நடு நிறங்களை ஏற்றி, மென்மையான வெளிர் குச்சியின் அழுத்தமான தொடுகைகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறார்கள். நிழல்கள் விழுந்திருக்கும் இடத்தைத் தொடக்கத்திலேயே குறித்துவிட வேண்டும். வெயில் நகர நகர நிழலைத் துரத்திக்கொண்டே போனால் ஒரே படத்தில் ஒன்பது மணியும் பதினொரு மணியும் சேர்ந்துவிடும். வானத்தில் உச்சி அடர்ந்தும் தொடுவானத்தை ஒட்டி வெளிறியும் இருக்கும். தூரத்து மலையில் நடுவிலுள்ள காற்றின் நீலம் ஏறும், இருட்டுகள் வெளுக்கும். குளத்து நீரில் வெளிச்சமான பொருளின் பிம்பம் பொருளைவிடச் சற்று இருட்டாகவும், இருண்ட பொருளின் பிம்பம் சற்று வெளிச்சமாகவும் விழும். இவையெல்லாம் பாடமாகத் தெரிந்தவைதான் என்றாலும் ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டியவை.

விரலால் தேய்த்துக் கலக்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. பேஸ்டல் பரப்பில் துகள்களுக்கு நடுவே காற்று இருக்கிறது. ஒளி அந்தத் துகள்களில் பட்டு நாலாபக்கமும் சிதறுவதால்தான் அந்த வெல்வெட் மென்மை. விரல் தேய்க்கும்போது துகள்கள் அமுங்குகின்றன, தோலின் எண்ணெயும் சேர்கிறது, நிறம் செத்துவிடுகிறது. பக்கத்தில் பக்கத்தில் இழுத்த இரண்டு நிறங்கள் பார்ப்பவர் கண்ணிலேயே கலந்துகொள்ளும். தாளில் தங்காத பொடியை வாயால் ஊதக் கூடாது, புத்தகத்தைச் சாய்த்துத் தட்டிவிட வேண்டும். சில நிறமிகளில் காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்கள் உண்டு. அந்தத் தூள் மூச்சில் போகலாகாது. காற்றுக்கு முதுகு காட்டி உட்காருவதைவிடப் பக்கவாட்டில் உட்கார்ந்தால் தூசி முகத்துக்கு வராமல் விலகிப் போகும்.

சுண்ணாம்பு அடித்த சுவரில் விழும் மரநிழல் ஒன்றே இந்தக் கலையின் முழுப் பாடமும் ஆகும். மாலை நாலு மணிக்கு வெயில் படும் சுவர் வெள்ளை அல்ல; பாலாடையில் துளி மஞ்சள் கலந்தாற்போல் இருக்கும். வேப்பமரத்தின் நிழல் அதில் கருப்பாகவோ சாம்பலாகவோ விழுவதில்லை. சூரியன் மறைந்த அந்த இடத்துக்கு வானத்தின் ஒளி மட்டும் வருவதால் நிழலில் நீலமும் ஊதாவும் ஓடும். அதே நிழல் சுவரடிக்கு இறங்கும்போது, வெயில் பட்ட செம்மண் தரையிலிருந்து எழும் ஒளியை வாங்கிக்கொண்டு இளஞ்சிவப்பாகச் சூடேறும். பேஸ்டலில் இதற்கு வேண்டியது மூன்று குச்சிகள்: மங்கிய ஊதா அடியில், அதன் மேற்பாதியில் நீலத்தின் சில கீற்றுகள், கீழ்ப்பாதியில் காவியின் லேசான உரசல். மூன்றும் ஏறக்குறைய ஒரே டோனில் இருந்தால் நிழல் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். காவி கொஞ்சம் வெளிச்சமாகிவிட்டால் நிழலில் ஓட்டை விழும். சுவரின் மஞ்சள் கடைசியில் வரும். இலை இடுக்குகளில் விழுந்த வெயில் வட்டங்களும் அப்போதுதான்.

பூதேனின் நார்மண்டிக் கடற்கரையில் பழகிய முறைகளை வெப்பமண்டலத்தில் அப்படியே கைக்கொள்ள முடியாது. ஓன்ஃப்ளர் இருப்பது 49 பாகை வட அட்சத்தில். சென்னை 13 பாகையில். அங்கே சூரியன் சரிந்து மறைவதால் அந்தி ஒளி அரை மணிக்கு மேல் நீடிக்கும். இங்கே அது ஏறத்தாழ நேராக இறங்குவதால் இருபது நிமிடம் சொச்சத்தில் வரைய முடியாதபடி இருட்டிவிடும். சென்னையில் ஏப்ரல் நான்காம் வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். நிழல் பொருளின் காலடியிலேயே சுருண்டுவிடும். வடிவத்தைக் காட்ட நிழல் இல்லாத வேளை அது. ஆகவே தமிழ்நாட்டில் வெளியே போய் வரைபவருக்கு நல்ல வேளைகள் காலையின் முதல் இரண்டு மணி நேரமும் மாலையின் கடைசி இரண்டு மணி நேரமும். நீண்ட அந்தி இல்லாத நாட்டில், காயக் காத்திருக்க வேண்டாத பேஸ்டலின் பயன் இன்னும் கூடுகிறது.

அறையில் அமர்ந்து வரைவதே சிறந்தது என்ற கட்சியும் வலுவானது. அதன் தலைமகன் எட்கர் தெகா. பேஸ்டலை அவரளவுக்கு ஆழமாக அறிந்தவர் எவருமில்லை. வெளியிடத்தில் வரைவதை அவர் கடுமையாக வெறுத்தவர். 1892-இல் துரான்-ருயேல் கூடத்தில் அவர் வைத்த நிலக்காட்சிகள், தைல வண்ணத்தில் அச்செடுத்த தாள்களின் மேல் பேஸ்டல் தீட்டியவை. நேரே பார்த்து வரைந்தவை அல்ல. பார்த்ததில் மனம் எதை வைத்துக்கொண்டதோ அது மட்டுமே ஓவியமாக வேண்டும் என்பது அவர் கொள்கை. பெரிய கொள்கைதான். ஆனால் மனம் வைத்துக்கொள்வது பெரும்பாலும் தனக்கு ஏற்கெனவே தெரிந்ததை. மரம் பச்சை, நிழல் கருப்பு, சுவர் வெள்ளை என்று அது சுருக்கி எழுதிவிடும். நிழலடியில் ஏறிய அந்த இளஞ்சிவப்பு, நேரில் உட்கார்ந்து பார்த்தவர் கையில்தான் வரும். தெகாவின் நினைவாற்றல் வாய்க்காதவர்களுக்கு ஸ்கெட்ச் புக் அவசியமாவது இதனால்தான்.

வரைந்ததைக் காப்பாற்றுவது தனி வேலை. ஃபிக்ஸட்டிவ் தெளித்தால் பொடி ஓரளவு பிடித்துக்கொள்ளும்; ஆனால் துகள்களுக்கு நடுவிலுள்ள காற்றிடம் நிரம்பிவிடுவதால் நிறம் ஒரு படி இருண்டு, வெளிர் நிறங்கள் வாடும். நடுப்பூச்சுகளுக்கு லேசாகத் தெளித்துவிட்டு, கடைசி வெளிச்சங்களைத் தெளிக்காமல் விடுவது நடைமுறையில் உள்ள சமரசம். சட்டம் போட்டு மாட்டுவதென்றால் கண்ணாடிதான் வேண்டும், அதுவும் தாளைத் தொடாமல். அக்ரிலிக் தகட்டின் நிலைமின்சாரம் பொடியை இழுக்கும். மழைக்கால ஈரத்தில் பிசினிலும் தாளிலும் பூஞ்சை பிடிக்கும் என்பதால் தமிழ்நாட்டில் உலர்ந்த, காற்றாடும் அலமாரி முக்கியம். எண்ணெய் சேராததால் பேஸ்டல் மஞ்சளாவதில்லை, வெடிப்பதும் இல்லை. நல்ல நிறமியும் அமிலமற்ற தாளும் அமைந்துவிட்டால் அது நெடுங்காலம் நிற்கும். மூடிய புத்தகத்துக்குள் வெளிச்சம் படாததால் நிறம் வெளிறும் அபாயமும் குறைவு.

பேஸ்டல் நிலக்காட்சிக்கு இரண்டு பயன்கள். ஒன்று, அறையில் பெரிய ஓவியம் தீட்டுபவருக்குப் புகைப்படம் தர முடியாத செய்தியை அது தருகிறது. கேமரா வானத்துக்கு அளவெடுத்தால் நிழல் கரியாகும், நிழலுக்கு அளவெடுத்தால் வானம் வெளுத்துவிடும். கண் இரண்டையும் ஒருசேரக் காண்கிறது, கை இரண்டையும் எழுதிவிடுகிறது. மற்றொன்று, ஓவியராக எண்ணம் இல்லாதவருக்கும் உரியது. ஒரு வேளைக்கு ஒரு பக்கம், பக்கத்தின் ஓரத்தில் தேதி, மணி, காற்று என்று எழுதி வருபவர் தன் ஊரின் ஒளியைக் கற்றுக்கொள்கிறார். ஆடிக் காற்றில் தூசியேறிய வானத்தையும் ஐப்பசி மழைக்குப் பின் கழுவிவிட்ட வானத்தையும் எந்தெந்தக் குச்சி எழுதும் என்று தெரிந்துகொள்கிறார். படம் தேறாமல் போன பக்கத்திலும் அந்த அறிவு தேறிவிடுகிறது.